சொல்லாமலே எழுந்து ஓடும் நிரல்கள்

மாதத்தின் 20-ஆம் தேதி நெருங்கினால் ஈரோட்டில் கணக்கு எழுதும் அலுவலகங்களில் விளக்கு அணைய வெகுநேரம் ஆகும். ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்துக்கு அதுதான் கடைசி நாள். பிரப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தின் மாடியில் எனக்குப் பழக்கமான அப்படியோர் அலுவலகம் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு நான்கு கணினிகளையும் ஆன் செய்துவிட்டு, நால்வரும் டீக்கடைக்கு இறங்கிவிடுவார்கள். டீ குடித்து, பேப்பரைப் புரட்டிவிட்டு மேலே ஏறி வரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"சிஸ்டம் எந்திரிக்கவே பத்து நிமிசம் ஆகுதுங்க. பேசாம ஃபார்மட் அடிச்சுரலாமுங்களா?" என்று அங்கே மூத்த கணக்கர் கேட்டார்.

ஃபார்மட் அடிப்பது நம் ஊரில் எல்லா நோய்க்கும் தரும் மருந்து. அடித்த ஒரு வாரம் கணினி பறக்கும். பிறகு பிரிண்டருக்கான மென்பொருள், ஆன்டிவைரஸ், மேகச் சேமிப்பு, பேச்சு செயலி என ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றுவோம். ஆறு மாதத்தில் அதே வட்டம், அதே டீக்கடை. கணினி ஆன் ஆனதும் தாமாகவே ஓடத் தொடங்கும் நிரல்களின் பட்டியலை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியல் எப்படி நீள்கிறது, அதில் எதை நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்ற கேள்வியைச் சிறு அலுவலகங்களின் கண்கொண்டு முழுமையாகப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். பொதுவாகக் கிடைக்கும் அறிவுரைகளெல்லாம் வீட்டில் படம் பார்க்கவும் விளையாடவும் கணினி வைத்திருப்பவருக்கானவை. கனி மார்க்கெட் ஜவுளிக்கடைக்கும் கணக்கர் அலுவலகத்துக்கும் அவற்றை அப்படியே பொருத்தினால் விபரீதம்தான்.

டாஸ் காலத்திலிருந்து தொடங்கினால் விஷயம் தெளிவாகும். அன்று கணினி எழுந்ததும் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்ற ஒரு கோப்பைப் படிக்கும். சாதாரண எழுத்துக் கோப்பு. அதில் எழுதியிருக்கும் வரிகளை மேலிருந்து கீழாக நிறைவேற்றும். அந்த வரிகளைப் பெரும்பாலும் கணினியின் உரிமையாளரோ, அவருக்கு அதை அமைத்துக் கொடுத்தவரோதான் எழுதினார்கள். நிரல்களுக்குக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட்தான் என்பதால் ஒவ்வொரு வரிக்கும் கணக்குப் பார்த்தார்கள். பின்னணியில் தங்கியிருக்கும் நிரல்கள் அப்போதும் உண்டு. 1984-இல் வந்த போர்லாண்டின் சைட்கிக் அவற்றில் புகழ்பெற்றது. ஆனால் அதை உள்ளே தங்கவைப்பது உரிமையாளரின் முடிவு.

1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது ஸ்டார்ட்அப் என்று ஒரு தொகுப்பு வந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரியும்படிதான் இருந்தது. பெரிய மாற்றம் 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95-உடன் வந்தது. ரெஜிஸ்ட்ரி எனும் உள்பதிவேட்டில் 'ரன்' என்ற ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. எந்த மென்பொருளும் தன்னை நிறுவிக்கொள்ளும்போதே அங்கே தன் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் கண்ணில் அது படுவதும் இல்லை. இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது இந்த ஒரு நகர்வைத்தான். காலையில் கடையைத் திறந்ததும் யார் யார் உள்ளே வரலாம் என்று எழுதும் பேனா, கடைக்காரர் கையிலிருந்து சரக்கு விற்பவர் கைக்குப் போனது.

பேனா கைக்கு வந்ததும் அவரவர் காரணத்துக்கு எழுதினார்கள். ஆபீஸ் மென்பொருள்கள் தங்கள் பகுதிகளை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைத்தன. பயனர் சொடுக்கும்போது சட்டென்று திறந்தால் அந்த மென்பொருள் வேகமானது என்று பெயர் வாங்கும். அந்த வேகத்துக்கான நேரத்தைக் காலையிலேயே நம்மிடமிருந்து கழித்துக்கொண்டார்கள் என்பது தெரியாது. பேச்சு செயலிகளுக்கு நாம் எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும். பிரிண்டர் நிறுவனத்துக்கு மையின் அளவைக் காட்டி அடுத்த மையை விற்க வேண்டும். இவற்றுக்கு நடுவே நியாயமான காரணமும் ஒன்று உண்டு: பாதுகாப்புத் திருத்தங்களைத் தேடி நிறுவும் புதுப்பிப்பு நிரல்கள். அவை ஓடாமல் இருப்பது ஆபத்து. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு புதுப்பிப்பு நிரலைக் காலையிலேயே எழுப்புவதால் நல்லதும் கெட்டதும் ஒரே வரிசையில் நின்றுவிடுகின்றன.

புதுக் கணினியிலேயே பட்டியல் நீண்டிருப்பதற்குக் காரணம் பணம். சோதனைக்காலப் பதிப்புகளை முன்கூட்டியே ஏற்றி விற்றால் கணினி நிறுவனத்துக்கு அந்த மென்பொருள் நிறுவனங்களிடமிருந்து வருமானம் உண்டு. இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை 2015 பிப்ரவரியில் உலகம் பார்த்தது. லெனோவா தன் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி அனுப்பியிருந்தது. அது பாதுகாப்பான இணைய இணைப்புகளுக்குள்ளும் புகுந்து படிக்கும் வகையில் தன் சான்றிதழையே கணினியில் பதித்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் நிறுவனம் அதை நீக்கக் கருவி வெளியிட்டது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2017-இல் உடன்பாட்டுக்கும் வந்தது.

இனி அந்த வட்டம் ஏன் சுற்றுகிறது என்பதற்கு வருவோம். நான் பார்த்த அலுவலகக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்குச் சற்று அதிகம். வேண்டிய இடம் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி நொடி. அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 8 மில்லி நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு துண்டை எடுக்க 12. இருபது நிரல்கள், ஒவ்வொன்றுக்கும் அங்கங்கே சிதறிக்கிடக்கும் 250 துண்டுகள் என்று கணக்கிட்டால் 5000 துண்டுகள். தேடுவதற்கே முழுதாக ஒரு நிமிடம். இருபதும் வரிசையில் நிற்காமல் ஒரே நேரத்தில் கேட்பதால் தலை இங்குமங்கும் அலைந்து நேரம் இன்னும் கூடும். நாலு கிலோபைட் எடுக்க முழு வட்டையும் கடந்து போய், உடனே அடுத்த முனைக்குத் திரும்பி வர வேண்டும். ராம் 4 ஜிபி மட்டும் இருந்தால் அது நிரம்பி, மிச்சத்தை அதே டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். பத்து நிமிடம் அங்கிருந்துதான் வருகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. அதே 5000 துண்டுகள் ஒரு நொடிக்குள் வந்துவிடும்.

அப்படியானால் எஸ்எஸ்டி மாட்டினால் போதாதா? காத்திருப்பு போகும், அதற்காகவே மாட்டலாம். சிறு அலுவலகம் ஒன்று கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைவிட உடனே பலன் தருவது வேறில்லை. பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். நினைவகத்தில் பங்கு கேட்கும், நெட் டேட்டாவைத் தின்னும், அதில் தவறான ஒருவன் இருந்தால் அவனும் வேகமாக எழுவான்.

பட்டியலைப் பார்க்க எந்தக் கருவியையும் வாங்க வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அதிலேயே ஸ்டார்ட்அப் பகுதி இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறை எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டிப் பழகியது; அது விண்டோஸ் 98-உடன் வந்தது. டாஸ்க் மேனேஜர் ஒவ்வொரு நிரலின் எதிரிலும் தாக்கம் அதிகம், நடுத்தரம், குறைவு என்று எழுதியிருக்கும். தொடக்கத்தில் ஒரு நொடிக்கு மேல் செயலியின் நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ எடுத்துக்கொண்டால் அதிகம். 300 மில்லி நொடிக்கும் 300 கேபிக்கும் கீழே இருந்தால் குறைவு. இந்த அளவு வேகத்தைப் பற்றியது மட்டுமே. வேலைக்கு அந்த நிரல் தேவையா என்பதை அது சொல்லாது. இதை மறந்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த இன்னோர் அலுவலகத்தில் நடந்தது. 19-ஆம் தேதி மாலை, கணினி தெரிந்த ஒரு தம்பி உதவிக்கு வந்து 'அதிகம்' என்று இருந்ததையெல்லாம் நிறுத்திவிட்டுப் போனான். மறுநாள் காலை கணினி ஒரே நிமிடத்தில் எழுந்தது; எல்லோருக்கும் மகிழ்ச்சி. மாலை ஆறு மணிக்கு ஒரு கம்பெனியின் படிவத்தில் மின்கையொப்பம் இட யுஎஸ்பி டோக்கனைச் செருகினால் சான்றிதழே தெரியவில்லை. டோக்கன் கெட்டுவிட்டதென்று நினைத்து வேறொன்றைத் தேடி இரண்டு மணி நேரம் ஓடினார்கள். நிறுத்தியதில் டோக்கனின் நிரலும் இருந்தது என்று அவனுக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டபோது இரவு எட்டரை. அந்தத் தம்பி கெட்டிக்காரன்தான். பெயர்களைப் படித்தான், அந்த அலுவலகம் என்ன வேலை செய்கிறது என்று கேட்கவில்லை.

அதனால்தான் நம் ஊர் அலுவலகங்களின் பட்டியலைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் கணக்கர் அலுவலகக் கணினியின் சுபாவமே மாறிவிட்டது. கம்பெனிகள் மின்கையொப்பத்தோடுதான் படிவம் கொடுக்க வேண்டும். அதற்கு யுஎஸ்பி டோக்கனின் மென்பொருள் வேண்டும். ஜிஎஸ்டி தளத்தோடு டோக்கனை இணைக்கும் எம்சைனர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டாலி வைத்திருக்கும் அலுவலகத்தில் பல கணினிகளுக்கு ஓர் உரிமத்தைப் பகிர்ந்து தரும் சேவை ஏதோ ஒரு கணினியில் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அதை ஓட்டும் கணினியில் அதை நிறுத்தினால், பக்கத்து மேசைக் கணினியில் கோளாறு தெரியும். காரணத்தை யாரும் இங்கே வந்து தேட மாட்டார்கள்.

கனி மார்க்கெட்டில் வாரச் சந்தை திங்கள் இரவே தொடங்கி செவ்வாய் வரை ஓடும். வெளியூர் வியாபாரிகள் விடிவதற்குள் சரக்கு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பில் போடும் கணினியில் பார்கோடு பிரிண்டர் நிரலும் பில்லிங் மென்பொருளும் எழுந்தால் போதும். படம் திருத்தும் மென்பொருளின் விளம்பர உதவியாளன் அப்போது எழ வேண்டிய அவசியம் என்ன? ஆண்டு வணிகம் 5 கோடியைத் தாண்டினால் 2023 ஆகஸ்ட் முதல் மின்விலைப்பட்டியலும் கட்டாயம் என்பதால், இணையத்தைப் பின்னணி நிரல்கள் அடைத்துக்கொண்டால் பில்லே நின்றுபோகும். மேகச் சேமிப்பு நிரல் ஒன்று, முந்தைய நாள் எடுத்த நூற்றுக்கணக்கான சேலைப் படங்களை அதே நேரத்தில் மேலே அனுப்பத் தொடங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

விரல்ரேகை வைத்துப் பணம் எடுத்துத் தரும் கடைகளில் ஆர்டி சர்வீஸ் என்று ஒரு பெயர் இருக்கும். ஆதார் சரிபார்ப்புக்கு விரல்ரேகைக் கருவியோடு பேசும் நிரல் அது. பெயரைப் பார்த்தால் அநாமதேயமாகத் தோன்றும். நிறுத்தினால் வரிசையில் நிற்கும் முதியவரின் விரல் எத்தனை முறை வைத்தாலும் பதியாது. நவம்பரில் ஓய்வூதியர்கள் ஜீவன் பிரமாண் உயிர்ச்சான்றுக்கு வரும்போது இது சாதாரண இடைஞ்சலாக இருக்காது. விரல் தேய்ந்துவிட்டது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள்.

திருமணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களுக்கு வேறு பட்டியல். என்எச்எம் ரைட்டர், அழகி, எ-கலப்பை போன்ற தமிழ் தட்டச்சு நிரல்களில் ஏதாவது ஒன்று கணினியோடு சேர்ந்து எழுந்து கடிகாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் ஒருவர் பழைய தட்டச்சு முறையிலும் அடுத்தவர் ஒலிபெயர்ப்பு முறையிலும் அடிக்கும் கடைகளில் இந்த நிரல்தான் இருவருக்கும் நடுவில் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த 'தேவையற்ற நிரல்கள்' பட்டியலிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. எனக்கு இது தொடக்கத்தில் எழ வேண்டிய முதல் நிரல். இரண்டு தட்டச்சு நிரல்கள் சேர்ந்து ஓடினால் மட்டும் எழுத்துகள் குழம்பும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள். ஆன்டிவைரஸுக்கும் அதே விதி. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என எதுவாக இருந்தாலும் காவலுக்கு ஒருவர் போதும்.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது முழுப் பட்டியல் அல்ல. ஸ்டார்ட்அப் கோப்புறையும் ரன் பதிவுகளும் அதில் தெரியும். சர்வீஸ்கள் என்ற தனி வகை, குறித்த நேரத்தில் எழுப்பும் டாஸ்க் ஷெட்யூலர், சாதன இயக்கிகள் ஆகியவை அதற்குள் வராது. புதுப்பிப்பு நிரல்கள் பலவும் ஷெட்யூலரில்தான் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் இருக்கிறது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று; 2006-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களின் நிறுவனத்தையே வாங்கியது. கருவி இன்றும் இலவசம். மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் காட்டச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அதில் பதிவையே அழிக்கவும் முடியும் என்பதால் புதியவர்கள் டாஸ்க் மேனேஜரிலேயே தொடங்குவது நல்லது. அங்கே டிஸேபிள் செய்தால் எதுவும் அழிவதில்லை. பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும். இதை எழுப்பாதே என்ற குறிப்பு மட்டும் வேறோரிடத்தில் எழுதப்படும். மீண்டும் எனேபிள் செய்தால் பழையபடி வரும்.

ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் என்று வரும் கிளீனர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பலவும் தாமே ஸ்டார்ட்அப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. 2017-இல் உலகெங்கும் பயன்படுத்தப்பட்ட சிகிளீனரின் ஒரு பதிப்பிலேயே தாக்குதல்காரர்கள் தீய நிரலை நுழைத்துவிட்டார்கள்; 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் அது இறங்கியது. நம் இடத்தில் எது எழ வேண்டும் என்ற முடிவை இன்னொரு நிரலிடம் கொடுப்பதில் இந்த அபாயம் உண்டு.

தீய நிரல்களுக்கு இந்தப் பட்டியல்மேல் தனி ஆசை. கணினியை அணைத்துப் போட்டாலும் மறுநாள் திரும்ப எழ வேண்டுமே! ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவ் வழியே வந்து, கோப்புகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸை அறியாத மாணவர் நம் பக்கம் இருந்திருக்க முடியாது. கோப்பை மீட்டாலும் அது திரும்பத் திரும்ப வந்ததற்குக் காரணம் ஸ்டார்ட்அப்பில் அது விட்டுச்சென்ற பதிவு. பெயரை வைத்து ஏமாற்றும்: விண்டோஸின் எஸ்விசிஹோஸ்ட் போலவே ஓரெழுத்து மாற்றி வைத்துக்கொள்ளும். பெயரின்மேல் வலது சொடுக்கிக் கோப்பு இருக்குமிடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸின் நிரல் சிஸ்டம்32 கோப்புறையில் இருக்கும். டெம்ப் கோப்புறையிலிருந்து எழுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். இந்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இத்தகையவற்றை நீக்க இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

தொடக்கத்திலேயே எழும் உரிமை எவ்வளவு பெரியது என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் இயக்கி விண்டோஸோடு சேர்ந்தே எழும். அதற்கு வந்த பிழையான ஒரு கோப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதில் தீய எண்ணம் எதுவும் இல்லை. நம்பி முதலில் எழவிட்ட ஒன்று தடுமாறினால் பின்னால் வர வேண்டிய எதுவும் வராது.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் மையத்தில் உருவான இயங்குதளம் அது. லினக்ஸில் இந்தப் பட்டியல் இன்றும் பெரும்பாலும் எழுத்துக் கோப்புகள்தான். ஆட்டோஸ்டார்ட் என்ற கோப்புறையைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். சிஸ்டம்டி உள்ள பதிப்புகளில் எந்தச் சேவை எத்தனை நொடி எடுத்தது என்று ஒரே கட்டளையில் பட்டியலிடலாம். பழைய அரசு மடிக்கணினி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட்டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்கரு முழுதாக அணைவதில்லை. தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். மாதக்கணக்கில் தினமும் அணைத்த கணினிகூட உண்மையில் புதிதாக எழுந்திருக்காது. நிரல்களை மாற்றிப் பார்க்கும்போது ஷட்டவுனை நம்பாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

அந்த மாடி அலுவலகத்தில் ஃபார்மட் அடிக்கவில்லை. 20-ஆம் தேதி முடியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 21-ஆம் தேதி மதியம் போனேன். பட்டியலில் 23 பெயர்கள். ஒவ்வொன்றையும் படித்து, "இது யாருக்குங்க வேணும்?" என்று நால்வரையும் கேட்டேன். டோக்கன் என்றதும் ஒரு பெண் கை உயர்த்தினார். தமிழ் தட்டச்சுக்கு இருவர். எட்டு மாதம் முன் விற்றுவிட்ட ஸ்கேனரின் நிரல் இன்னும் தினமும் எழுந்துகொண்டிருந்தது. யாரும் கை உயர்த்தாதவற்றை ஒரே நாளில் நிறுத்தாமல், நாளுக்கு நான்காக நிறுத்தினோம். ஒரு வாரத்தில் காத்திருப்பு மூன்று நிமிடத்துக்கு இறங்கியது. எஸ்எஸ்டி அடுத்த மாதம் வாங்கலாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

நிறுத்தக் கூடாத ஏழு பெயர்களைத் தமிழில் எழுதி, எதிரில் யாருடைய வேலைக்கு என்றும் குறித்து, சிபியூ பெட்டியின் பக்கவாட்டில் செல்லோடேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார் மூத்த கணக்கர். எட்டாவதாக ஒரு பெயர் பென்சிலில் இருக்கிறது. அது யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த 20-ஆம் தேதி தாண்டியதும் ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பதாகச் சொன்னார்.